நீச்சலுடையும் ஆண்மையின் எல்லையும்: திருநம்பியர் நிலை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மனிதர் அணியும் ஆடைகளுள் மிகச் சிறியது நீச்சலுடை. ஆயினும், அரசும் சமூகமும் அளவுகோல் கொண்டு மிகுதியாக அளந்து பார்த்த ஆடையும் அதுவேயாகும். தெருவிலே செல்லும் ஒருவருடைய உடலமைப்பை அவருடைய மேலாடை பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. கடற்கரையிலோ நீச்சல் தடாகத்திலோ அம்மறைப்பு நீங்கிவிடுகிறது. ஆண் இன்னவாறும் பெண் இன்னவாறும் தோன்றவேண்டும் என்ற சமூகத்தின் எதிர்பார்ப்பு அங்கேதான் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது. ஆகவே, நீச்சலுடையின் வரலாறு நாகரிகப் பாணிகளின் வரலாறு மாத்திரமன்று; ஆண், பெண் என்னும் பாகுபாட்டின் எல்லைக்கோடு எங்கெங்கு வரையப்பட்டது, எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதன் வரலாறும் ஆகும்.

இவ்வெல்லைக்கோட்டின் மீதே நின்று நீருள் இறங்கவேண்டியவர் திருநம்பி. பிறப்பின்போது பெண்ணெனப் பதியப்பட்டு, தம்மை ஆணென உணர்ந்து, ஆணாக வாழ்பவரைத் திருநம்பி என்பது இன்றைய வழக்கு. தமக்கு இசைவான நீச்சலுடையைத் தெரிந்துகொள்வது அவருக்குச் சிறு காரியமன்று. பெண்களுக்கான உடையை அணிந்தால் தாம் அல்லாத ஒருவராகக் காட்சியளிக்க நேரும். ஆண்களுக்கான காற்சட்டையை மட்டும் அணிவதாயின் மார்பு வெளிப்படும். மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு நீந்தினால் மூச்சு முட்டும். இம்மூன்று இடர்களுக்கும் அஞ்சி நீச்சலையே கைவிட்டோர் பலர். இவ்விக்கட்டு இயற்கையால் விளைந்ததா, அன்றி வரலாற்றால் விளைந்ததா என்பதே இங்கு ஆராயற்பாலது.

குளியல் வண்டி முதல் கம்பளியுடை வரை

ஐரோப்பாவிலே கடற்குளியல் மருத்துவச் சிகிச்சையாகவே முதலிற் பரவியது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்காபறோ, மார்கேற் முதலிய கரையோர நகரங்களில் சில்லுகள் பூட்டிய சிறு மரக்கூடுகள் குதிரைகளால் கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டன. குளிப்பவர் அக்கூட்டினுள்ளேயே உடை மாற்றி, கரையிலுள்ளோர் காணாதபடி நீருள் இறங்கினார். அக்காலத்தில் ஆண்கள் ஆடையின்றிக் குளிப்பதே பெருவழக்காக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்களும் அரைக்காற்சட்டை அணியவேண்டும் என்ற நிர்ப்பந்தம் வலுப்பெற்றபோது, பிரான்சிஸ் கில்வேர்ட் என்னும் பாதிரியார் அப்புது வழக்கத்தின் மீதான தமது வெறுப்பை 1870களின் நாட்குறிப்பிலே பதிந்து வைத்தார். ஆண் நீரில் எதை அணியவேண்டும் என்பது அன்றே வாதத்துக்குரிய பொருளாயிற்று.

பெண்களின் குளியலுடையோ கனத்த துணியாலானது. நீரில் மிதந்து மேலெழாதிருக்கும் பொருட்டு அதன் கீழ்விளிம்பிற் பாரம் வைத்துத் தைப்பதும் உண்டு. அது நீந்துவதற்கான உடையன்று, மறைவதற்கான உடை. இந்நூற்றாண்டு முடிவில் நீச்சல் ஒரு விளையாட்டாக வளர்ந்தபோதே உடலோடு பொருந்திய ஒற்றை உடை பெண்களுக்குத் தேவையாயிற்று. 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக நீச்சற் போட்டிகள் இடம்பெற்றன. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பனி டுராக் 100 மீற்றர் போட்டியில் வெற்றி பெற்றார். அக்காலப் போட்டிகளில் ஆண்கள் அணிந்ததும் தோளிலிருந்து தொடைவரை உடலை மூடிய அவ்வகை உடையேயாகும். இருபாலாரும் ஏறத்தாழ ஒரே வடிவான உடையில் நீந்திய காலம் ஒன்று இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

ஆண்களுக்குப் பாவாடை

ஆணின் மார்பு மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது அக்காலத்தில் வெறும் வழக்கமன்று, விதியாகவும் இருந்தது. சில இடங்களில் அவ்விதி விசித்திரமான எல்லையையும் எட்டியது. 1907ஆம் ஆண்டு சிட்னி நகரின் கடற்கரைப் பகுதிகளை நிருவகித்த சபைகள், குளிப்போர் யாவரும் ஆண், பெண் வேறுபாடின்றி இடுப்பிலிருந்து தொங்கும் பாவாடை போன்றதொரு பகுதியையும் தம் உடையுடன் சேர்த்து அணியவேண்டும் என்று விதிக்க முற்பட்டன. இதனை எதிர்த்து அவ்வாண்டு ஒக்ரோபர் 20ஆம் திகதி பொண்டை, மான்லி, கூஜீ ஆகிய கடற்கரைகளில் ஆண்கள் திரண்டனர். பெண்களின் உட்பாவாடைகளையும் சன்னற் திரைச்சீலைகளையும் உடுத்துக்கொண்டு அவர்கள் ஊர்வலம் சென்றனர். நகரமே நகைத்தது, அத்திட்டமும் கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சி வேடிக்கையாக நினைவுகூரப்படுவதுண்டு. ஆயினும், அதனுள் ஆழ்ந்த உண்மையொன்று பொதிந்துள்ளது. தம்மைப் பெண்ணாகக் காட்டும் உடையை அணியுமாறு கட்டாயப்படுத்தப்படுவது ஓர் ஆணுக்கு அவமதிப்பு என்பதை அன்று சிட்னி நகர மக்கள் விளக்கமெதுவுமின்றியே ஏற்றுக்கொண்டனர். அவர்களுடைய எதிர்ப்பின் காரணத்தை எவரும் ஆராயப் புகவில்லை. இன்று ஒரு திருநம்பி பெண்களின் நீச்சலுடையை அணிய மறுக்கும்போது அவர் உணர்வது அதே அவமதிப்பேயாகும். வேறுபாடு யாதெனில், அவருடைய மறுப்புக்கு மட்டும் காரணம் கேட்கப்படுகிறது.

அமெரிக்காவிலும் நிலைமை ஒத்ததாகவே இருந்தது. 1917ஆம் ஆண்டு அமெரிக்கப் பூங்கா மேற்பார்வையாளர் சங்கம் வெளியிட்ட குளியலுடை விதிகள், ஆண்களின் உடையிலும் பாவாடை போன்ற அமைப்பு இருக்கவேண்டும், அல்லது காற்சட்டைக்கு மேலாக மேற்சட்டை வெளியே தொங்கவேண்டும் என்று பொதுவில் வகுத்தன. 1922ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரக் குளிதுறையில் பெண்களின் உடை முழங்காலுக்கு மேல் ஆறு அங்குலத்தைத் தாண்டாதிருக்கிறதா என அலுவலர் ஒருவர் அளவுநாடா கொண்டு அளந்து பார்க்கும் காட்சி புகைப்படமாக எஞ்சியுள்ளது. ஒழுக்கம் என்பது அங்குலக் கணக்கில் அளக்கப்பட்ட காலம் அது.

மார்பு வெளிப்பட்ட பத்தாண்டு

1930களே திருப்புமுனையாக அமைந்தன. இம்மாற்றத்தை ஒரே மனிதரின் வாழ்விற் காணலாம். ஜொனி வைஸ்முல்லர் 1924ஆம், 1928ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் நீச்சலில் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றபோது மார்பை மூடிய உடையிலேயே நீந்தினார். 1932இல் வெளிவந்த ரார்சான் திரைப்படத்தில் அவரே மேலாடையின்றித் தோன்றி, ஆணுடலின் இலட்சிய வடிவமாகப் போற்றப்பட்டார். அதனை அடுத்து ஜான்சன் எனும் அமெரிக்க நிறுவனம், விரும்பியபோது மேற்பகுதியைக் கழற்றிவிடத்தக்க ஆண்களுக்கான நீச்சலுடையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சட்டம் இன்னும் மாறாத கடற்கரைகளில் கழற்றிய மேற்பகுதியை மீண்டும் பூட்டிக்கொள்ளவேண்டியிருந்தது. அத்திலாந்திக் நகரில் 1930களின் நடுப்பகுதியிலும் மேலாடையின்றித் தோன்றிய ஆண்கள் கைதுசெய்யப்பட்டனர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1935இல் அமைச்சர் ஸ்பூனர் பிறப்பித்த கட்டளை, நீச்சலுடையின் கால் பகுதி குறைந்தது மூன்று அங்குல நீளமுடையதாக இருக்கவேண்டும் என்றும், உடலின் முன்பகுதி அக்குள் மட்டம் வரை மூடப்பட்டிருக்கவேண்டும் என்றும் விதித்தது. இக்கட்டளையை மக்கள் பரவலாகப் புறக்கணித்தனர். 1961இல் அது மாற்றப்பட்டது. ஆயினும் அதற்கு நெடுங்காலம் முன்னரே, கடற்கரையில் ஆணின் திறந்த மார்பு இயல்பான காட்சியாகிவிட்டது.

இதன் விளைவு இருவகைப்பட்டது. ஆண்களுக்கு இது விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால், அதுவரை இருபாலாருக்கும் பொதுவாயிருந்த மூடிய மார்பு, அதன்பின் பெண்ணின் அடையாளமாயிற்று. திறந்த மார்பு ஆணின் அடையாளமாயிற்று. 1946ஆம் ஆண்டு யூலை மாதம் பாரிஸ் நகரில் லூயி றெயார் அறிமுகப்படுத்திய பிக்கினி, பெண்ணுடலின் ஏனைய பகுதிகளைத் திறந்துவிட்ட போதிலும் மார்பின் மறைப்பை மட்டும் நீக்கவில்லை. எல்லைக்கோடு முழங்காலிலிருந்து மார்புக்கு இடம்பெயர்ந்து அங்கேயே நிலைத்தது.

இந்த இடப்பெயர்ச்சியையும் மருத்துவ வரலாற்றையும் ஒப்பு நோக்கினால் வியப்பூட்டும் முரண் ஒன்று புலனாகும். ஆண்பால் ஓமோனாகிய ரெஸ்ரொஸ்ரெறோன் 1935ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டு, செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. திருநம்பியரின் உடலை அவர்தம் உணர்வுக்கு இசைவிக்கும் வழியை மருத்துவம் திறந்த அதே பத்தாண்டிலேதான், கடற்கரை அவர்களுக்கான வழியை அடைத்தது. அதற்குமுன் ஒரு திருநம்பி ஆண்களின் வழக்கமான கம்பளியுடையை அணிந்து நீருள் இறங்கியிருப்பின், மூடிய மார்பு எவருடைய ஐயத்தையும் எழுப்பியிராது. அதற்குப் பின்னரோ மேலாடை அணிந்த ஆண் என்பதே கேள்விக்குரியதாயிற்று.

இருவர் வாழ்வு

இவ்வரலாற்றின் இரு முனைகளில் நிற்போர் இருவரின் வாழ்க்கை இங்கு குறிப்பிடத்தக்கது. முதலாமவர் மைக்கேல் டிலன். 1915இற் பிறந்த இவர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் பெண்கள் படகோட்டக் கழகத்தின் தலைவராக விளங்கினார். 1939இல் ரெஸ்ரொஸ்ரெறோன் உட்கொள்ளத் தொடங்கினார். 1942இல் மார்பகங்களை அகற்றும் சத்திரசிகிச்சை நடைபெற்றது. 1944இல் அவருடைய பிறப்புப் பதிவு திருத்தப்பட்டது. பின்னர் டப்ளின் திரித்துவக் கல்லூரியில் மருத்துவம் கற்றபோது ஆண்கள் அணியில் இடம்பெற்றுப் படகோட்டினார். ஹரல்ட் கில்லீஸ் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1946 முதல் 1949 வரை அவருக்குத் தொடர்ச்சியான சத்திரசிகிச்சைகளைச் செய்தார். கப்பல் வைத்தியராகப் பணியாற்றிய அவருடைய கடந்தகாலத்தை 1958இல் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. அதன்பின் இந்தியா சென்று பௌத்த துறவு வாழ்வை மேற்கொண்ட அவர், 1962இல் இமயமலைச் சாரலிலுள்ள டல்ஹவுசியிற் காலமானார். விளையாட்டில் இருபுறமும் நின்ற அவர், தம் வரலாற்றை மறைத்தே இரண்டாம் புறத்தில் நிற்கவேண்டியிருந்தது.

இரண்டாமவர் அமெரிக்க நீச்சல் வீரர் ஸ்கைலர் பெய்லார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் நீச்சல் அணிக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட இவர், தாம் திருநம்பி என்பதை வெளிப்படுத்தியபோது, எவ்வணியில் நீந்துவது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு வழங்கப்பட்டது. அவர் 2015இல் ஆண்கள் அணியிற் சேர்ந்து, 2019இற் பட்டம் பெறும் வரை அவ்வணியில் நீந்தினார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதற்பிரிவில் வெளிப்படையாகத் திருநம்பி எனத் தம்மை அறிவித்து ஆண்கள் அணியிற் போட்டியிட்ட முதல் நீச்சல் வீரர் இவரே. மார்புச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஏனைய வீரர் போன்றே காற்சட்டை மட்டும் அணிந்து, தழும்புகளை மறைக்காது அவர் நீந்தினார். டிலன் மறைக்கவேண்டியிருந்ததைப் பெய்லார் மறைக்கவில்லை. இவ்விருவருக்கும் இடையேயான காலமே மாற்றத்தின் அளவைக் காட்டும்.

எனினும், பெய்லாரின் வழி எல்லோருக்கும் திறந்ததன்று. சத்திரசிகிச்சைக்கு வசதியற்றோர் உளர். அதனை விரும்பாதோரும் உளர். அவர்களைப் பொறுத்தவரை போட்டி நீச்சலின் விதியும் தடையாகவே அமைந்தது. உடல் முழுவதையும் மூடிய செயற்கை உடைகளால் உலக சாதனைகள் அடுக்கடுக்காக முறியடிக்கப்பட்டதை அடுத்து, சர்வதேச நீச்சற் சம்மேளனம் 2010 சனவரி முதல் புதிய விதியொன்றை நடைமுறைப்படுத்தியது. அதன்படி ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் செல்லலாகாது. பெண்களின் உடை தோள் முதல் முழங்கால் வரை அமையலாம். இவ்விதி ஒழுக்கத்தின் பொருட்டு எழுந்ததன்று. போட்டியின் நேர்மை கருதி எழுந்தது. ஆயினும் விளைவை நோக்குமிடத்து, 1907இல் மார்பை மறைக்காத ஆண் குற்றவாளியாயிருந்தார். 2010இல் மார்பை மறைத்த ஆண் போட்டிக்கே தகுதியற்றவரானார்.

இறுக்கமும் மூச்சும்

பொழுதுபோக்காக நீந்தும் திருநம்பியின் நிலை வேறு. அங்கே விதியைவிட உடையின் தன்மையே முதன்மை பெறுகிறது. பழைய கம்பளியுடை நீரை உறிஞ்சித் தொய்ந்து தொங்கியது. 1958இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பன்டெக்ஸ் என்னும் நெகிழ்நார் இந்நிலையை முற்றாக மாற்றியது. அது உடலோடு ஒட்டியது. இழுபட்டு மீண்டும் சுருங்கியது. உடலின் வரைவை அப்படியே காட்டும் நீச்சலுடையை அந்நாரே உருவாக்கியது. மார்பை அழுத்தித் தட்டையாகக் காட்டும் பைன்டர் என்னும் உள்ளாடையையும் அதே நாரே செம்மைப்படுத்தியது.

திருநம்பியரின் உடைத் தேவைகளைப் பற்றிய அறிவு நெடுங்காலம் வாய்மொழியாகவே கைமாறியது. அமெரிக்கரான லூ சலிவன் 1980இல் வெளியிட்ட கைந்நூல் இத்துறையில் ஒரு முன்னோடி முயற்சியாகும். மார்பைக் கட்டும் முறை முதல் உடைகளைத் தெரிந்துகொள்ளும் முறை வரை அதில் விளக்கப்பட்டன. 1986இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய குழு இவ்வறிவைப் பலரிடமும் கொண்டுசென்றது. வைத்திய உலகின் கவனம் இதன்பாற் பிற்காலத்திலேயே திரும்பியது. மார்பு கட்டும் 1,800 பேரிடம் மேற்கொள்ளப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 97.2 சதவீதத்தினர் ஏதேனும் ஓர் உடற் பாதிப்பை அனுபவித்ததாகக் கூறினர். ஏறத்தாழ அரைப்பங்கினர் முதுகுவலியையும் நெஞ்சுவலியையும் மூச்சுத் திணறலையும் குறிப்பிட்டனர். ஆயினும் மார்பு கட்டுவதால் மன உளைச்சல் தணிந்து தன்மதிப்பு உயர்ந்தது என்பதையும் அவ்வாய்வு பதிவுசெய்தது. உடலின் வேதனையைப் பொறுத்து உள்ளத்தின் வேதனையைத் தணித்துக்கொள்ளும் நிலை அது.

நீரினுள் இவ்வாபத்து மேலும் கூடும். கழுத்தளவு நீரில் நிற்கும்போதே நீரின் அழுத்தம் மார்புக்கூட்டின் மீது சுமையாகிறது. நீந்தும்போதோ மூச்சின் தேவை மிகுகிறது. விலா எலும்புகள் விரிய இடமின்றி இறுக்கிக் கட்டிய ஒருவர் களைத்துவிடின் அது உயிராபத்தாகவும் முடியலாம். இதனாற்றான் மீள்பட்டிகளையோ ஒட்டு நாடாக்களையோ சுற்றிக்கொண்டு நீந்தலாகாது என்றும், நாளாந்தம் அணியும் பைன்டரினும் தளர்வான, விரைவில் உலரும் உடையையே நீருக்கெனத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றும், நீரிலிருந்து ஏறியதும் அதனைக் களைந்துவிடவேண்டும் என்றும் அனுபவசாலிகள் வலியுறுத்துகின்றனர். மிதமாக அழுத்தும் உள்ளாடை, அதன்மேல் கருநிறமான அல்லது கோலமிட்ட தளர்ந்த மேற்சட்டை, முழங்காலளவு நீண்ட உட்துணி தைத்த காற்சட்டை என்பதே பலர் கண்ட இணக்கமான வழியாகும். கருநிறமும் கோலமும் உடலின் மேடுபள்ளங்களைக் கண்ணுக்குப் புலப்படாது செய்கின்றன.

ஆணொருவர் மேற்சட்டையுடன் நீருள் இறங்குவதை மீண்டும் இயல்பாக்கியது எது என்பதும் வரலாற்று ஆர்வமுடையதே. அதனைச் செய்தது அறமுமன்று, சட்டமுமன்று, சூரியனே. அவுஸ்திரேலியாவில் தோற் புற்றுநோய் பெருகியமையால் 1981இல் விக்ரோறியா மாநிலத்தில் தொடங்கிய பிரசார இயக்கம், மேற்சட்டை அணியுமாறும் தொப்பி தரிக்குமாறும் களிம்பு பூசுமாறும் மக்களைத் தூண்டியது. 1996இல் வெயிலைத் தடுக்கும் ஆடைகளுக்கெனத் தரநிர்ணயமும் அங்கு வகுக்கப்பட்டது. அலைச்சறுக்கு வீரர் அணிந்த நீள்கை நீச்சற் சட்டை அதன்பின் சிறுவர் முதல் முதியோர் வரை யாவருக்கும் உரியதாயிற்று. 1930களில் ஆண்கள் கழற்றியெறிந்த மேலாடை, மருத்துவத்தின் பெயரால் கடற்கரைக்குத் திரும்பியது. அதனுள் திருநம்பியும் கேள்விக்குள்ளாகாது நீந்த இடம் கிடைத்தது. அவருக்கென எவரும் திட்டமிடாத விடுதலை அது.

எல்லைக்கோட்டின் இன்றைய நிலை

அண்மைக்காலத்தில் எல்லைக்கோடு மீண்டும் அசையத் தொடங்கியுள்ளது. செர்மனியின் கோட்டிங்கன் நகரில் 2021இல் மேலாடையைக் களைந்து நீந்திய ஒருவர் தடாகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். தம்மைப் பெண்ணென அடையாளங் காணாத அவர் மீது பெண்களுக்கான விதி சுமத்தப்பட்டது. இதனால் எழுந்த விவாதத்தின் பயனாக 2022இல் அந்நகரத் தடாகங்களில் வார இறுதி நாள்களில் யாவரும் மேலாடையின்றி நீந்த அனுமதிக்கப்பட்டனர். 2023 மார்ச்சில் பேர்லின் நகரப் பொதுத் தடாகங்களும் பால் வேறுபாடின்றி அவ்வுரிமையை ஏற்றன. மறுபுறம், உடை மாற்றும் அறையின் வாயிலிலேயே தயங்கி நின்று திரும்பிவிடும் திருநம்பியர் எங்கணும் உளர். உடை பற்றிய வினா தீர்ந்தாலும் உடை மாற்றும் இடம் பற்றிய வினா எஞ்சியே நிற்கிறது.

தொகுத்து நோக்குமிடத்து, ஆணுக்குரிய நீச்சலுடை இதுவே என நிலைபெற்ற ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை என்பது தெளிவாகும். ஆடையின்மை, அரைக்காற்சட்டை, தோள் வரை மூடிய கம்பளியுடை, பாவாடை தொங்கிய உடை, திறந்த மார்பு, வெயில் தடுக்கும் நீள்கைச் சட்டை என ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுள் அது பல வடிவங்களை எடுத்தது. ஒவ்வொரு வடிவமும் தன் காலத்தில் இயற்கையானதென்றே கருதப்பட்டது. அடுத்த தலைமுறையின் நகைப்புக்கும் இலக்காயிற்று. ஆகவே, மார்பை மறைத்து நீந்த விரும்பும் திருநம்பி ஆண்களின் மரபை மீறுபவரல்லர். 1910ஆம் ஆண்டின் கடற்கரையில் ஒவ்வோர் ஆணும் அணிந்திருந்த உடையின் வடிவத்தையே அவர் தேடுகிறார். அவர் வேண்டுவது புதுமையுமன்று, சலுகையுமன்று. நீருள் இறங்கும்போது தம்மைக் குறித்து எவருக்கும் விளக்கம் கூறவேண்டாத, மூச்சு முட்டாது கைவீசி நீந்தத்தக்க ஓர் உடையே அவர் வேண்டுவது. சிட்னிக் கடற்கரையில் அன்று ஊர்வலம் சென்ற ஆண்கள் கோரியதும் அதுவேயாகும். அவர்களுக்குக் கிடைத்த செவி இவர்களுக்கும் கிடைத்தல் வேண்டும்.